காத்திருக்கச் சொல்லப்பட்ட பூனைகள்

ஒரு மருந்தைப் பூனைகளுக்குத் தர மறுத்து ஒரு மருந்து நிறுவனம் எடுத்த முடிவு நியாயமா, அநியாயமா என்று எனக்குள்ளேயே வெகுநாளாக வாதாடிக்கொண்டிருக்கிறேன். உலகில் எத்தனையோ நிறுவனங்கள் எத்தனையோ முடிவுகளை எடுக்கின்றன, அவை எதுவும் என் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. இது மட்டும் விடாமல் அரிப்பதற்குக் காரணம், அக்கா வீட்டில் வளரும் மிளகு என்ற கறுப்புப் பூனை.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மிளகின் வயிறு உப்பத் தொடங்கியது. நன்றாகச் சாப்பிடுகிறது என்று அக்கா முதலில் மகிழ்ந்தாள். ஆனால் முதுகைத் தடவினால் எலும்பு கையில் தட்டியது. கால்நடை மருத்துவர் வயிற்றில் ஊசியைச் செலுத்தி எடுத்தபோது முட்டையின் வெள்ளைக்கருபோல் இழுபடும் மஞ்சள் நீர் வந்தது. எஃப்ஐபி, அதாவது பூனைகளுக்கு வரும் ஒரு கொடிய வயிற்றுறை அழற்சி நோய் என்றார். முன்பெல்லாம் இந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, பூனையை வேதனையில்லாமல் அனுப்பிவைக்கும் வழியைப் பற்றித்தான் பேசுவோம், இப்போது ஒரு மருந்து இருக்கிறது என்று சொல்லி ரெம்டெசிவிர் என்று சீட்டில் எழுதினார். “டாக்டர், அது கொரோனா ஊசி அல்லவா?” என்று அக்கா கேட்டாள். “இதுவும் கொரோனாதான் அம்மா, பூனைகளுடைய கொரோனா” என்றார் அவர்.

சென்னையில் இருந்தவர்களுக்கு அந்த ஊசியின் பெயரை விளக்க வேண்டியதில்லை. முந்தைய மே மாதத்தில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்திலும், பிறகு நேரு விளையாட்டரங்கிலும் அதற்காக நின்ற கூட்டத்தை எல்லோரும் பார்த்தோம். எங்கள் குடும்பத்திலும் ஒருவருக்காக அதைத் தேடி அலைந்தோம். அதே மருந்து சில மாதங்களில் மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைத்தது, அதுவும் பூனைக்கு. மனிதர்களின் மருந்து இப்போது பூனைகளுக்கும் இறங்கி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு படிக்கப் படிக்கத்தான் வரிசை நேர் எதிரானது என்று தெரிந்தது. கோவிட் என்ற நோய் தோன்றுவதற்கு முன்பே இந்த மருந்தின் சாரம் பூனைகளைப் பிழைக்கவைத்திருந்தது. அதற்குப் பிறகும் பூனைகளுக்கு அது சட்டப்படி கிடைக்கவில்லை.

31 வீட்டுப் பூனைகள்

பூனைக் கொரோனா வைரஸ் அரிதானதல்ல. பல பூனைகள் ஒன்றாக வாழும் இடங்களில் அது சாதாரணமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். குடலில் குடியிருக்கும், கொஞ்சம் வயிற்றுப்போக்கு வரும், பல பூனைகளுக்கு அதுகூட வராது. மிகச் சில பூனைகளின் உடலுக்குள் மட்டும் அந்த வைரஸ் உருமாறி, குடலை விட்டு வெளியேறி, நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே புகுந்து பெருகக் கற்றுக்கொள்கிறது. அந்த அணுக்கள் போகும் இடமெல்லாம் இரத்தக் குழாய்கள் அழற்சியுற்று, வயிற்றிலோ மார்பிலோ நீர் கோக்கும். சிலவற்றுக்கு நீர் கோக்காமல் கண்ணையும் மூளையையும் தாக்கும். பெரும்பாலும் இரண்டு வயதுக்குட்பட்ட இளம் பூனைகளுக்கே வருகிறது. 1963இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஜீன் ஹோல்ஸ்வொர்த் என்ற கால்நடை மருத்துவர் இதைப் பதிவு செய்தார். அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, எஃப்ஐபி வந்த பூனை இறந்துவிடும் என்பதே நிலைமை. மூக்கில் விடும் தடுப்பு மருந்து ஒன்று சந்தைக்கு வந்தது, ஆனால் மருத்துவர்களின் நம்பிக்கையை அது பெறவில்லை.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பீடர்சன் என்பவர் 1960களிலிருந்து இந்த நோயின் பின்னாலேயே அலைந்தவர். ஓய்வு பெறும் வயதைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு விடை கிடைத்தது. முதலில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய ஜிசி376 என்ற மருந்தை 20 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்; 7 பூனைகள் நோயிலிருந்து மீண்டன. இறப்பு உறுதி என்றிருந்த நோயில் அதுவே பெரிய செய்தி. அடுத்து வந்தது அமெரிக்க மருந்து நிறுவனமான கிலியடின் ஜிஎஸ்-441524. வைரஸ் தன் மரபுச் சங்கிலியை நகலெடுக்கும்போது கோக்கும் ஒரு கண்ணிக்குப் போலியான மூலக்கூறு அது. வைரஸின் நொதி ஏமாந்து அதைக் கோத்துவிட்டால் நகல் பாதியில் நின்றுவிடும். 2018இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான பூனைகளுக்கு ஆய்வுக்கூடத்தில் நோயை உண்டாக்கி, பிறகு இந்த மருந்தைக் கொடுத்தார்கள். சிகிச்சை பெற்ற 10 பூனைகளும் தேறின. இரண்டுக்கு மட்டும் நோய் திரும்ப வந்து, மறுபடியும் மருந்து கொடுக்க வேண்டியிருந்தது.

2019இல் வந்த கட்டுரைதான் என்னை நிறுத்திவைத்தது. இந்தமுறை ஆய்வுக்கூடப் பூனைகள் இல்லை. நோய் தானாக வந்து, உரிமையாளர்கள் தூக்கிக்கொண்டு வந்த 31 வீட்டுப் பூனைகள். 5 பூனைகள் தொடக்கத்திலேயே இறந்தன அல்லது வேதனை தாங்காமல் கருணைக்கொலை செய்யப்பட்டன. மற்ற 26 பூனைகள் 12 வாரமோ அதற்கு மேலோ தோலுக்கடியில் தினமும் ஊசி போட்டுக்கொண்டன. ஊசி மருந்து அமிலத்தன்மை உடையது, எரியும், தோல் புண்ணாகும். ஆனால் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கியது. 18 பூனைகள் ஒரே சுற்றில் குணமாயின. 8 பூனைகளுக்கு நோய் திரும்பியது, பெரும்பாலானவற்றை அளவைக் கூட்டி மீட்டார்கள். கடைசியில் 25 பூனைகள் நோயை வென்றன; அவற்றில் ஒன்று பின்னர், நோயோடு தொடர்பில்லாததாகக் கருதப்பட்ட இதயக் கோளாறால் கருணைக்கொலை செய்யப்பட்டது. அரை நூற்றாண்டு மரண அறிக்கைகளுக்குப் பிறகு ஒரே கட்டுரையில் 25. அதை எழுதியவர்களின் பட்டியலில் கிலியட் விஞ்ஞானிகளின் பெயர்களும் இருக்கின்றன. ஆக, என்ன நடந்தது என்று நிறுவனத்துக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

வேண்டாம் என்ற பதில்

அடுத்து நடக்க வேண்டியது எளிது. விலங்குகளுக்கான மருந்தாக யாராவது ஒருவர் அதைத் தயாரிக்க உரிமம் வேண்டும். கிலியட் கொடுக்கவில்லை. பீடர்சன் இதற்குப் பொதுவெளியில் சொன்ன காரணம் இதுதான்: ஜிஎஸ்-441524இன் மீது ஒரு வேதிப் போர்வையைப் போர்த்தி உயிரணுவுக்குள் எளிதாக நுழையும்படி செய்தால் கிடைப்பது ரெம்டெசிவிர். இரண்டும் ஒரே குடும்பம். ரெம்டெசிவிரை நரம்பில் ஏற்றியபின் இரத்தத்தில் அதிகமாகக் காணப்படுவதே ஜிஎஸ்-441524தான். அப்போது எபோலா நோய்க்கு ரெம்டெசிவிரை மனித மருந்தாகக் கொண்டுவரும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான பூனைகளுக்கு அதன் உடன்பிறப்பைக் கொடுத்து, எங்கோ சில பூனைகளின் சிறுநீரகம் கெட்டால், மனித மருந்தின் அனுமதிக்கோப்பில் அந்தக் கேள்வியும் வந்து உட்காரும்.

முதல் வாசிப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு, மருந்து அனுமதிப் பிரிவில் வேலை பார்க்கும் ஹைதராபாத் தோழியிடம் இதைச் சொன்னேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. “ஒரு கோப்பு ஆறு மாதம் தாமதமானால் அந்த ஆறு மாதத்தில் எபோலாவில் சாகப்போகிறவர்களின் குடும்பத்துக்கு நீ கடிதம் எழுதுவாயா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஒரு மனித உயிரையும் ஒரு பூனையின் உயிரையும் தராசில் வைக்கச் சொன்னால், அக்காவே பூனையின் பக்கம் நிற்கத் தயங்குவாள். நானும்தான்.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்பது ரெம்டெசிவிரின் பழைய ஆய்வைப் படித்தபோது புரிந்தது. 2016இல் வெளியான அந்த ஆய்வில் ரீசஸ் குரங்குகளுக்கு எபோலா வைரஸைச் செலுத்தி, மூன்றாம் நாளில் மருந்தைத் தொடங்கி, கூடுதல் அளவு பெற்ற குரங்குகள் அனைத்தையும் பிழைக்கவைத்தார்கள். அதன் வலுவில்தான் மருந்து மனிதர்களை நோக்கி நகர்ந்தது. நோயே இல்லாத குரங்குக்கு நோயைக் கொடுத்து இந்த மருந்தைச் சோதிக்கலாம். நோயில்லாத பூனைக்கும் அப்படியே செய்யலாம், 2018இல் செய்தார்கள். அந்தத் தரவுகள் கோப்புக்கு வலுச் சேர்க்கும், அல்லது குறைந்தபட்சம் உறுத்தாது. தானாக நோயுற்று வாசலில் வந்து நிற்கும் பூனைக்குக் கொடுத்தால் மட்டும் கோப்புக்கு ஆபத்து. விலங்கு சோதனைப் பொருளாக இருக்கும்வரை கதவு திறந்திருக்கிறது, நோயாளியாக வந்தால் மூடிக்கொள்கிறது. மனிதனா பூனையா என்று என் தோழி கேட்டபோது அந்தக் கேள்விக்குள் எனக்குப் பிடிபடாமல் இருந்தது இதுதான். யார் முதலில் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. ஓர் உயிரினத்தின் உடலிலிருந்து கிடைக்கும் அறிவை எடுத்துக்கொண்டு, அதே அறிவை அதன் நோய்க்குப் பயன்படுத்தாமல் பூட்டிவைப்பதில்தான் தகராறு.

எபோலாவின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். காங்கோ ஜனநாயகக் குடியரசில் நடந்த சோதனையில் ரெம்டெசிவிர் பெற்றவர்களில் 53 சதவீதம் பேர் இறந்தார்கள். எதிரணு (ஆன்டிபாடி) மருந்துகளில் இரண்டைப் பெற்ற குழுக்களில் அது 35 சதவீத அளவில் இருந்தது. 2019 ஆகஸ்டில் ரெம்டெசிவிரை அந்தச் சோதனையிலிருந்து விலக்கிவிட்டார்கள். குரங்குகள் எல்லாம் பிழைத்த மருந்து அது. பூனைகளைக் காக்கவைத்த காரணமே போய்விட்டது, அப்போதாவது கதவு திறந்திருக்கலாம். சில மாதங்களில் வூஹானிலிருந்து செய்தி வந்தது.

கறுப்புச் சந்தையில் நடந்த விஞ்ஞானம்

பூனை ஆய்வுக் கட்டுரைகளில் ஜிஎஸ்-441524 மூலக்கூறின் அமைப்பு அச்சாகியிருந்தது. அதைப் பார்த்துத் தயாரிக்கத் தெரிந்தவர்கள் சீனாவில் இருந்தார்கள். பெயர் தெரியாத குப்பிகள், வெவ்வேறு வணிகப் பெயர்களில் உலகம் முழுவதும் தபாலில் பறந்தன. வாங்குபவர்கள் ஃபேஸ்புக் குழுக்களில் கூடினார்கள். பூனையின் எடையைச் சொன்னால் எத்தனை மில்லி போட வேண்டும் என்று அந்நியர் ஒருவர் நள்ளிரவில் கணக்கிட்டுச் சொல்வார். 84 நாள் ஊசி, பிறகு 84 நாள் காத்திருப்பு என்று ஒரு நெறிமுறையே உருவானது. சிகிச்சைச் செலவு ஆயிரக்கணக்கான டாலரைத் தொட்டது. மருத்துவர்கள் பலர் இதை எழுதித் தர முடியாத நிலையில், கண்டும் காணாததுபோல் இரத்தப் பரிசோதனை மட்டும் செய்து கொடுத்தார்கள்.

இதை எப்படி மதிப்பிடுவது என்பதில் நான் இரண்டு பக்கமும் போய்வந்திருக்கிறேன். பெயர் தெரியாத குப்பியை ஊசியில் ஏற்றுவதை ஆதரிக்க முடியாது. பின்னாளில் சோதித்தபோது லேபிளில் போட்ட அளவுக்கும் உள்ளே இருந்த அளவுக்கும் கணிசமான வேறுபாடு இருந்ததும் தெரிந்தது. ஆனால் 2021இல் இப்படி வீட்டிலேயே சிகிச்சை பெற்ற 393 பூனைகளின் உரிமையாளர்களிடம் விவரம் கேட்டு ஓர் ஆய்வு வெளியானது. 96.7 சதவீதப் பூனைகள் உயிரோடு இருந்தன. பூனை பிழைத்த உரிமையாளர்கள்தான் இப்படிப்பட்ட கணக்கெடுப்பில் ஆர்வமாகப் பதில் சொல்வார்கள் என்பதால் அந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்தே நம்புகிறேன். குறைத்தாலும் வியப்புதான். அதே ஆண்டு ஜெர்மனியின் மியூனிக்கில் 18 பூனைகளுக்கு வாய்வழியாகக் கொடுத்து நடந்த ஆய்வில் 18ம் பிழைத்தன. அதே குழுவின் பிந்தைய ஆய்வு, நீர்கோத்த வகைக்கு 84 நாள் தேவையில்லை, 42 நாளே போதும் என்று 40 பூனைகளில் காட்டியது. 2024இல் வெளியான இந்த முடிவு, பூனை வளர்க்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று மருந்துச் சீட்டைக் கையில் பிடித்தவர்களுக்கே தெரியும்.

மிளகுக்குச் சில நாள் ரெம்டெசிவிர் போட்டு, பிறகு மாத்திரைக்கு மாற்றினார்கள். மாத்திரை எங்கிருந்து வந்தது என்று அக்கா இதுவரை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மிளகு இப்போது நல்ல எடையோடு, யாரையும் மதிக்காமல் வாழ்கிறது.

ஏன் பூனைக்குப் பலித்தது, நமக்கு அவ்வளவாக இல்லை

இங்கே ஒரு சுவையான வாதத்தில் நான் சில காலம் விழுந்து கிடந்தேன். பூனைகளின் தரவை யாரும் மதிக்காததால் மனிதர்களும் இழந்தார்கள் என்பது அந்த வாதம். அதற்கு ஆதரவு உண்டு. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் பப்ளிக் சிட்டிசன் என்ற நுகர்வோர் உரிமை அமைப்பும் டெக்சாஸ் விஞ்ஞானிகள் இருவரும் சேர்ந்து, ரெம்டெசிவிரைவிட ஜிஎஸ்-441524 எளிமையானது, அதையும் கோவிட்டுக்குச் சோதியுங்கள் என்று கிலியடுக்கும் அமெரிக்க அரசுக்கும் எழுதினார்கள். பூனை ஆய்வுகள் அவர்களின் கையில் இருந்த முக்கியச் சான்று. ரெம்டெசிவிருக்கு அமெரிக்கா மே மாதமே அவசர அனுமதி கொடுத்திருந்தது. அதே ஆண்டு நவம்பரில், மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளிகளுக்கு ரெம்டெசிவிர் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நாம் நேரு விளையாட்டரங்கில் நின்றது அதற்கும் ஆறு மாதம் கழித்து.

ஆனால் பிந்தைய சோதனைகள் இந்த வாதத்துக்கு முழுதாக ஒத்துழைக்கவில்லை. கிலியட் பின்னர் அதே ஜிஎஸ்-441524ஐ வயிற்றின் வழியே இரத்தத்தில் சேர்க்கும் ஒபெல்டெசிவிர் என்ற மாத்திரையை உருவாக்கியது. சாதாரண அபாயம் உள்ள கோவிட் நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில் அது இலக்கை எட்டவில்லை. சீனாவில் இதன் சிறு மாற்று வடிவமான விவி116 ஓரளவு நன்றாகவே செயல்பட்டு 2023இல் அனுமதி பெற்றது. ரெம்டெசிவிரையே நோயின் தொடக்கத்தில், மருத்துவமனை செல்லும் முன்பே மூன்று நாள் கொடுத்தால் அபாயமுள்ளவர்கள் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை 87 சதவீதம் குறைந்தது என்று ஒரு சோதனை காட்டியது. ஆக, மருந்து மோசமில்லை, நேரம்தான் தவறியது. மூச்சுத்திணறலோடு படுக்கையில் கிடக்கும் மனிதருக்குள் வைரஸ் தணியத் தொடங்கியிருக்கும், எரிந்துகொண்டிருப்பது அவருடைய நோயெதிர்ப்பு. எஃப்ஐபி வந்த பூனைக்குள் வைரஸ் கடைசிவரை பெருகிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் வயிறு வீங்கிய நிலையில் தொடங்கினாலும் மருந்துக்கு வேலை இருக்கிறது. பூனையில் பலித்ததால் நமக்கும் பலித்திருக்கும் என்று நான் இப்போது சொல்வதில்லை. குரங்கில் பலித்த எபோலா மருந்தின் கதி நினைவிருக்கிறது. ஆனால் நமக்குப் பயன்படாவிட்டால் பூனைத் தரவுக்கு மதிப்பில்லை என்ற எண்ணம் மட்டும் எங்கிருந்து வந்தது?

சைப்ரஸில் தலைகீழ்

2023இல் சைப்ரஸ் தீவில் பூனைகள் கூட்டம் கூட்டமாக எஃப்ஐபியில் விழத் தொடங்கின. வழக்கமாக உருமாறிய வைரஸ் பூனைக்குப் பூனை பரவாது, இது பரவியது. ஆராய்ந்தபோது, பூனைக் கொரோனா வைரஸ் நாய்க் கொரோனா வைரஸின் முள் புரத மரபணுவை வாங்கிக்கொண்டு புதுக் கலப்பாக மாறியிருந்தது தெரிந்தது. மூன்று லட்சம் பூனைகள் இறந்தன என்று உலக ஊடகங்கள் எழுதியது மிகைப்படுத்தல் என்று பின்னர் திருத்தப்பட்டாலும், பாதிப்பு உண்மைதான்.

அந்த ஆகஸ்டில் சைப்ரஸ் அரசு, கோவிட் நோயாளிகளுக்காக வாங்கி, பயன்படாமல் கிடந்த மொல்னுபிராவிர் மாத்திரைகளைப் பூனைகளுக்குத் திறந்துவிட்டது. மனிதக் கையிருப்பு, அரசு ஆணையோடு, பூனைகளுக்கு. இன்னொரு வேடிக்கை, அந்த மொல்னுபிராவிர் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் பிறந்தபோது அதன் இலக்குகளில் ஒன்று குதிரைகளையும் மனிதர்களையும் தாக்கும் வெனிசுவேலா மூளையழற்சி வைரஸ். வைரஸ்களோ மருந்துகளோ உயிரினம் பார்த்து ஒதுங்குவதில்லை. கோப்புகள்தான் ஒதுங்குகின்றன.

பிரிட்டனில் 2021 ஆகஸ்டிலேயே ரெம்டெசிவிர் குடும்ப மருந்தின் பூனைகளுக்கான தயாரிப்பு மருத்துவர் சீட்டில் கிடைக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 2024 ஜூனில். அமெரிக்காவில் அது எப்படி நடந்தது என்பதைத்தான் ஹைதராபாத் தோழியிடம் கடைசியாகக் காட்டினேன். புதிய மருந்தனுமதி எதுவும் இல்லை, புதிய ஆய்வும் கேட்கப்படவில்லை. மருத்துவர் தனது நோயாளிப் பூனைக்கு எழுதிக்கொடுத்து, மருந்தகம் கலந்து தயாரித்தால் நாங்கள் நடவடிக்கை எடுக்கப்போவதில்லை என்று உணவு, மருந்து நிர்வாகம் மே மாதத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அவ்வளவுதான். “இந்த அறிவிப்பை 2019இலேயே எழுதியிருக்க முடியாதா? பூனைகளில் தெரியும் பக்கவிளைவை மனிதக் கோப்பில் இப்படித்தான் எடைபோடுவோம் என்று ஒரு பத்தி சேர்த்திருந்தால் நிறுவனத்துக்கும் பயம் இருந்திருக்காதே” என்றேன்.

அவள் நெடுநேரம் அந்த அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எழுதியிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டாள். “ஆனால் அது நிறுவனத்தின் குற்றம் இல்லை, நிர்வாகத்தின் சோம்பல்” என்றாள். உரிமம் மறுத்தது நிர்வாகமா என்று கேட்டேன். “பயந்தவன் மறுப்பான், பயத்தைப் போக்க வேண்டியவன் யார்?” என்று திருப்பிக் கேட்டாள். இப்போதைக்கு அங்கேதான் நிற்கிறோம். அவள் அடுத்த மாதம் சென்னை வருகிறாள். மிளகின் முன்னால் இதையெல்லாம் பேசக் கூடாது என்று அக்கா இப்போதே எச்சரித்திருக்கிறாள்.